ஜெபமும் வேண்டும், கணக்கு நோட்டும் வேண்டும்

"நமக்குள்ளே எதுக்குக்கா பத்திரமெல்லாம்? ஒரே சபை, ஒரே ஜெபக்குழு. கர்த்தர் சாட்சியா இருக்கார், போதாதா?"

2016-ம் வருஷம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு இப்படிச் சொன்னவள் நான்தான். எதிரே நின்ற அக்கா உருகிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றே வருஷம். அதே இருவரும் கோயிலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, முகம் பார்க்காமலே திருவிருந்து எடுத்தோம். நடுவில் நடந்ததை எழுதினால், தொழில் தொடங்க நினைக்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

தொழில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேக், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு. என் அம்மா போட்ட சங்கிலியை அடகு வைத்து இரண்டு லட்சம் ரூபாய் நான் போட்டேன். அக்கா ஐம்பதாயிரமும், அவர்களுடைய கைப்பக்குவமும். "ஒரு காகிதத்திலாவது எழுதி வை" என்று என் கணவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

ஒரே விசுவாசத்தில் இருப்பவரைக் கூட்டாளியாக்கியதில் நன்மை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைப்பதில்லை என்பதை நாங்கள் பேசித் தீர்மானிக்கவே இல்லை. அது இருவருக்கும் தெரிந்ததுதான். ஒரு கடைக்காரர் பில்லில் தொகையைக் கூட்டிப் போடச் சொன்னபோது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்; "அது முடியாதுங்க" என்றோம். மனச்சாட்சியில் ஒத்துப்போகிறவர் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு தைரியம்!

ஆனால் பணப்பெட்டி ஒன்றுதான். அக்கா மகளின் பீஸுக்கு அதிலிருந்து எடுத்தார்கள். கேஸ் சிலிண்டருக்கு நானும் எடுத்தேன். யாரும் எழுதவில்லை. கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வரும். 'சந்தேகப்படுகிற மாதிரி ஆயிடுமே' என்று விழுங்கிவிடுவேன். அவர்களிடம் கேட்காததை என் நாத்தனாரிடம் சொன்னேன். அது பெண்கள் ஐக்கியம் முழுவதும் சுற்றி அக்கா காதுக்கே போய்விட்டது. 2019-ல் பிரிந்தோம்.

வக்கீலிடம் போனபோதுதான் கண் திறந்தது. 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதியாம். அதிக முதல் போட்டேன் என்பதற்காக அதிக லாபம் கேட்க முடியாது. கடைப் பெயரில் ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. மளிகைக் கடை பாக்கி 38,000 ரூபாயை நான் கட்டினேன். அம்மாவின் சங்கிலி ஏலத்துக்குப் போயிற்று.

அந்தச் சமயம் பார்த்து ஜெபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு சகோதரர் வீட்டுக்கு வந்தார். விசுவாசிகளுக்கு மட்டுமான திட்டமாம்; நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. சங்கிலி போன துக்கத்தில் எனக்குச் சபலம் தட்டியது உண்மை. ஆனாலும் இந்த முறை வாய் திறந்து, "பதிவு நம்பர் என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "என்ன சகோதரி, விசுவாசம் குறைஞ்சு போச்சா?" என்றார். நேர்மையானவருக்கு இந்தக் கேள்வியில் கோபம் வருவானேன்? பணம் கொடுக்கவில்லை. கொடுத்த சிலர் இன்னும் அலைகிறார்கள்.

ஐயரம்மாவிடம் போய் அழுதேன். அவர்கள் எரேமியா 32-ம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார்கள். எரேமியா நிலம் வாங்கியது வேற்றாளிடம் இல்லை, சொந்தப் பெரிய தகப்பன் மகனிடம். அப்படியிருந்தும் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையிட்டு, சாட்சிகள் வைத்து, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். பவுலும் அப்படித்தான், சபைகளின் காணிக்கைப் பணத்தைக் கொண்டுபோகும்போது பழிச்சொல் வராதபடி மற்றவர்களையும் கூட வைத்துக்கொண்டார். "தீர்க்கதரிசிக்கே பத்திரம் வேண்டியிருந்ததும்மா. நீ அவரைவிட விசுவாசியோ?" என்றார்கள். எனக்குச் சுரீர் என்றது.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டுடன் அக்கா வீட்டுக்குப் போனேன். இருவரும் ஞாபகம் வந்த மட்டும் எழுதினோம். எழுத எழுத, அவர்கள் எடுத்ததைவிட நான் எடுத்தது ஒன்றும் குறைவில்லை என்று தெரிந்தது! கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

2021-ல் அதே அக்காவுடன் மறுபடியும் தொடங்கினேன். இந்தத் தடவை பத்திரத்துடன். யார் எவ்வளவு முதல், லாபத்தில் என்ன பங்கு, மாதச் சம்பளம் எவ்வளவு, காசோலையில் இருவர் கையெழுத்து, பிரிய நேர்ந்தால் எப்படி, தகராறு வந்தால் யார் தீர்ப்பது, எல்லாம் அதில் உண்டு. பதிவும் செய்துவிட்டோம். பதிவில்லாத கூட்டு நிறுவனம், பாக்கி வைத்த வியாபாரி மேல் வழக்குப் போடக்கூட முடியாது.

எங்கள் ஆடிட்டர் வேறு மதத்தவர். தசமபாகத்தைக் கடைச் செலவில் எழுதாமல், அவரவர் பங்கிலிருந்து எடுக்கச் சொல்லித் தந்தவர் அவர்தான். அன்றாடம் மனச்சாட்சியோடு முடிவெடுக்க வேண்டிய கூட்டாளிக்கு ஒரே விசுவாசம் மிகவும் நல்லது. பண ஆலோசகருக்கோ முதலில் தகுதியும் பதிவும் பாருங்கள். நம் விசுவாசத்தவராகவும் அமைந்தால் சந்தோஷம். முதலீட்டு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குகிறவர் 2013-ன் விதிகளின்படி செபியில் பதிந்திருக்க வேண்டும். செபியின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சீட்டு என்றால் 1982-ன் சட்டப்படி பதிவு வேண்டும். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ன் சட்டம் தடை செய்திருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஜெபம் பண்ணிவிட்டு நோட்டைத் திறக்கிறோம். சங்கிலி போனது போனதுதான். அக்கா திரும்பக் கிடைத்துவிட்டார்கள். இப்போது கோயிலில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம்.