மலாக்காவில் ஒரு நாள், தோட்டம் தோட்டமாக

மலாக்காவுக்குப் போகிறோம் என்றதும் உங்கள் கண்முன் என்ன வந்து நிற்கிறது? செங்கட்டடம், கோட்டை வாசல், பூ அலங்காரத்தோடு பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடும் திரிஷா வண்டி. எல்லாம் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் வேர்வை சிந்திய மலாக்கா அந்தக் கடைத்தெருவில் இல்லை. அதைக் காண, அன்பர்களே, ஒரு முழு நாளும் ஒரு வாடகைக் காரும் வேண்டும்.

பிரான்சு தேசத்துப் போர்தோ வட்டாரத்தில் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே மக்கள் காரும் ஓட்டுநரும் அமர்த்திக்கொள்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் இறங்கி மதுவை ருசித்து, கொடிகளின் வரலாற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நம் தோட்டங்களில் ருசித்துப் பார்க்க ஒன்றுமில்லை. கள்ளுக்கடை இருந்தது; அது எத்தனையோ வீட்டுச் சம்பளத்தை ருசித்துவிட்டுப் போய்விட்டது! ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு நம்மிடம் குறைவா என்ன?

முதலில் கார் விஷயம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓட்டுநராகப் பாருங்கள். எந்தச் செம்மண் பாதை எங்கே போய் முடியும் என்று அவருக்குத்தான் தெரியும். வாடகை எவ்வளவு, பெட்ரோல் அதில் சேர்ந்ததா, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வழிகாட்டப் போகிறவர் அவர்தாம்.

காலையில் பொய்யாத விநாயகர் கோயிலில் கும்பிட்டுப் புறப்படுங்கள். 1781ஆம் ஆண்டில், டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில், மலாக்கா செட்டிகள் எழுப்பிய கோயில் இது. சுல்தான்கள் காலத்திலேயே வணிகம் செய்ய வந்து இந்த மண்ணில் கலந்துவிட்ட தமிழர் வழியினர் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது நம் தெய்வங்களை. ஆக, தமிழன் இங்கே பால் வாளியோடு மட்டும் வந்தவன் அல்லன் என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து புக்கிட் லிந்தாங். நகரிலிருந்து அதிகத் தூரமில்லை. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து கித்தா விதைகளை இலண்டனுக்குக் கொண்டு போனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22, 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அங்கே தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பார்த்தவர்களிடமெல்லாம் "கித்தா நடுங்கள், நடுங்கள்" என்று சொல்லிச் சொல்லிப் பைத்தியக்கார ரிட்லி என்று பேர் வாங்கினார். அவர் பேச்சை நம்பி 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் கித்தா நட்டவர் மலாக்காச் சீனரான டான் சாய் யான். நாட்டின் முதல் வாணிபக் கித்தாத் தோட்டம் அதுதான். அந்த மரங்களை இன்று தேடாதீர்கள். கித்தா மரம் பால் கொடுப்பது இருபத்தைந்து முப்பது வருடம், அப்புறம் கோடாலிதான்.

மெர்லிமாவ், ஜாசின் வழியாக ஆசகான் பக்கம் போங்கள். 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை கூடவே வரும். டான் சாய் யான் அடுத்து ஆயிரக்கணக்கான ஏக்கரில் தோட்டம் போட்டது இந்தப் புக்கிட் ஆசகானில்தான். பிறகு அது வெள்ளைக்காரக் கம்பெனியின் கைக்குப் போனது. இப்படிப் பெருகிய தோட்டங்களுக்குத்தான் கங்காணிகள் ஊர் ஊராகப் போய் நம்மவர்களைக் கப்பலேற்றி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்கட்டலை நிறுத்தியது.

வழி நெடுக நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் செம்பனைதான். கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள்; ஆள் தேவை குறைந்தது. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம்மவர்கள் தெருவுக்கு வந்தபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளிடம் மாதம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது அந்தச் சங்கம். ஆனாலும் கைநழுவிப் போன லயங்கள் ஏராளம்.

போன வருடம் என் அத்தையை இப்படி அழைத்துப் போனேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். காவலரிடம் அனுமதி கேட்டு உள்ளே போனோம். லயம் இல்லை, ஆயா கொட்டகை இல்லை, பிரட்டுக் களம் இல்லை. எங்கு பார்த்தாலும் பனை. "இது எங்க தோட்டமே இல்லப்பா, வழி தப்பிட்டோம்" என்றார் அத்தை. ஓட்டுநர் அண்ணன் ஒன்றும் பேசாமல் காரை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினார். ஆலமரத்தடியில் தகரக் கூரையோடு ஒரு மாரியம்மன் கோயில். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யாரோ இன்னும் வந்து ஏற்றுகிறார்கள்.

அத்தை செருப்பைக் கழற்றினார். அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்று, எண்ணிக்கொண்டே நடந்தார். "இங்க குழாயடி. இது கங்காணி வீடு. இது நாங்க. உங்க மாமா பொறந்தது இங்கதான்." பனைகளுக்கு நடுவே அந்த லயம் முழுவதையும் வீடு வீடாகச் சொல்லி முடித்தார். என் பத்து வயது மகன் பள்ளி நோட்டில் கோடு போட்டு, கட்டம் போட்டு, பெயர்களை எழுதிக்கொண்டே பின்னால் நடந்தான். இருபது வீடுகள். ஒன்றில் மட்டும் பேர் வரவில்லை. "அது யாருன்னு மறந்துபோச்சே" என்று அத்தை கலங்கினார்.

அந்த ஒரு கட்டம்தான் என்னை இதை எழுத வைத்தது. நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மோடு இருக்கும்போதே போய்விட வேண்டும்.

திரும்பும்போது பாத்தாங் மலாக்கா, தெபோங் வழியாக வாருங்கள். அந்தியில் செங் சன்னாசிமலை ஆண்டவரைத் தரிசித்து நகருக்குள் நுழையலாம். மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் வருவது இங்கேதான். தோட்டத்துச் சனங்களெல்லாம் லாரி ஏறி வந்து கூடிய திருவிழா.

செங்கட்டடம் அடுத்த வருடமும் அங்கேயே நிற்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டுப் பெரியவரைக் காரின் முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.