நாங்கள் செய்த வைஸ்

மரம் அறுப்பவனுக்கு இரு கைகள் போதா. ஒருவன் பலகையை மிதித்துக்கொள்ள, மற்றவன் அறுத்தே எங்கள் பள்ளி மாணவர்கள் கால் ஆடும் மேசைகளைச் செப்பனிட்டு வந்தனர். "பிள்ளை விரல் போனால் மேசையை வைத்து என்ன செய்வது?" என்று தாயார் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் வாங்கவோ பணமில்லை. ஆகவே வைஸ் என்னும் பிடிகருவியை நாங்களே செய்யத் துணிந்தோம்.

கனத்த மேசைக்காலே அதன் ஒரு தாடை. மறுநடவுக்காக வெட்டிய ரப்பர் மரத்தின் பலகை, பூச்சி அரிக்காதிருக்க மருந்தேற்றி உலர்த்தியது, மற்றொரு தாடை. இரண்டையும் ஊடுருவி 20 மில்லிமீட்டர் திருகுக் கம்பி சென்றது. அதன் நட்டைக் காலின் பின்புறம் பதித்தோம். ஒரு சுற்றுக்குத் தாடை 2.5 மில்லிமீட்டரே நகரும். பொறுமையற்ற சிறுவர்க்கு இது பெருந்தண்டனை! ஆயினும் அம்மெல்லிய நகர்ச்சியே சிறு கையின் விசையைப் பன்மடங்காக்குகிறது.

திருகு மட்டும் போதாது. மேலே இறுக்க இறுக்க, தாடையின் அடிப்பகுதி உள்ளே சாயும். எனவே தாடையின் அடியில் துளைகளிட்ட சட்டமொன்றைப் பொருத்தி, அதனைக் காலினூடே செலுத்தினோம். அறுக்கவிருக்கும் பலகையின் கனத்திற்கேற்ற துளையில் முளையைச் செருகினால், முளை காலில் முட்டி நிற்கும். தாடைகள் நேராகப் பற்றும்.

மரம் நசுங்காதிருக்க உட்புறத்தில் பழைய மிதிவண்டி டியூப்பை ஒட்டினோம். அதுவும் ரப்பர்தானே! நான்கு மேசைகள் முடிந்தன. ஐந்தாவதன் கால் இப்பொழுது வைஸில் இருக்கிறது.