நிழல் இருந்தவரை ஓடிய ஏசி

அம்பாசடரில் ஏசியா என்று என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நெய்வேலிப் பக்கத்து முத்தாண்டிக்குப்பத்தில் பெரியப்பா வைத்திருந்த வெள்ளை அம்பாசடரில் ஏசி இருந்தது. குளிர்ந்ததா என்று யாராவது கேட்டால், நீ எந்த சீட்டில் உட்கார்ந்தாய் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம்.

டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கும். கூலிங் காயில், ப்ளோயர் எல்லாம் அதற்குள்தான். முன்சீட்டுக்காரர் முழங்காலில் மார்கழி. பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களுக்குச் சித்திரை. காயிலில் கோத்துக்கொள்ளும் தண்ணீர் வெளியே போக ஒரு டியூப் உண்டு. செம்மண் தூசி அதை அடைத்துவிட்டால் தண்ணீர் பெரியம்மாவின் காலில் சொட்டும். அதற்கென்றே ஒரு பழைய துண்டு வண்டியில் கிடக்கும். சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரஸர் கிளட்ச் டக்கென்று பிடிக்கும். இன்ஜின் ஒரு தடவை திணறிவிட்டுச் சமாளித்துக்கொள்ளும். இப்போது நான் சென்னையில் ஓட்டும் வண்டியில் கம்ப்ரஸர் எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்றே தெரிவதில்லை. 22 டிகிரி என்று வைத்தால் 22 டிகிரி. அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பெரியப்பா வண்டியைப் பற்றிப் பேச நிறைய இருந்தது. 1990களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுசு இன்ஜினைப் போட்டு இறக்கிய 1800 மாடல் அது. அதற்கு முந்தைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் 50 குதிரைத்திறன் தருவதே பெரும்பாடு. டீசல் அதற்கும் கீழே. அப்படிப்பட்ட வண்டியில் ஏசி பூட்டியவர்கள் மேடு வந்தால் அணைத்துவிட்டு ஏறுவார்கள். இசுசு இன்ஜினுக்கு 75 குதிரைத்திறன். அந்தத் தெம்பில்தான் பெரியப்பா, ‘ஏசி வண்டிதான் வேணும்’ என்று நின்றார். அவர் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்கும் ராட்சத எந்திரங்களுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று நின்று தோல் கறுத்தவர். ஓய்வு பெற்ற பிறகாவது குளிர்ச்சியாக ஒரு இடத்தில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆடம்பரம்.

நெய்வேலியைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஊரின் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டவுன்ஷிப் வேறு, எங்கள் பக்கம் வேறு. 1956ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் எழுந்த டவுன்ஷிப்பில் ப்ளாக் ப்ளாக்காகச் சாலை போட்டு, சாலைக்கு இரண்டு பக்கமும் மரம் வைத்தார்கள். ஆர்ச் கேட்டுக்குள் நுழைந்ததும் ஏசியின் சத்தமே மாறும், கொஞ்சம் நிம்மதியாக ஓடும். எங்கள் பக்கத்தில் யாரும் சாலைக்காக மரம் வைக்கவில்லை, தோப்புக்காக வைத்தார்கள். முந்திரியும் பலாவும் சாலைவரைக்கும் வந்து நின்றன. பங்குனி, சித்திரையில் முந்திரிப்பழம் விழுந்து புளிக்கும் வாசனை, கொட்டை வறுக்கும் இடத்திலிருந்து வரும் காரமான புகை, இரண்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் கதவு இடுக்கில் புகுந்து உள்ளே வரும். வீட்டு வாசலில் ஒரு கிழட்டுப் பலா. அம்பாசடர் எப்போதும் அதன் அடியில்தான். நடுப்பகலில் கதவைத் திறந்தால் ரெக்ஸின் சீட் சுடாது. ஏசி போட்டு ஊரைத் தாண்டுவதற்குள் உள்ளே பதமாகிவிடும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை ஏறியது. பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு புரட்டிப் போட்டது. எங்கள் வாசல் பலா வண்டி நின்ற பக்கம் சாயாமல் மறுபக்கம் சாய்ந்தது. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ‘பாத்தியாடா, கடைசி வரைக்கும் வண்டிய காப்பாத்திட்டுதான் போயிருக்கு’ என்றார் பெரியப்பா. அப்போது யாருக்கும் ஏசி ஞாபகம் வரவில்லை. கரன்ட் இல்லாமல், குடிதண்ணீர் இல்லாமல் இருந்த நேரம்.

கோடை வந்ததும்தான் தெரிந்தது. பலா இல்லாத வாசலில் வெயிலில் நின்ற அம்பாசடரின் உள்ளே அனல். அது கனமான இரும்புக் கூடு. ஒரு தடவை சூடேறினால் லேசில் ஆறாது. ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஏசி கால்மணி நேரம் ஓடியும் காற்றுதான் வந்தது, கூலிங் வரவில்லை. போதாக்குறைக்கு, கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27ல் தீர்ப்புச் சொன்னது. அமலுக்கு வந்த நாள் மே 4. அக்னி நட்சத்திரம் தொடங்குகிற அதே நாள்! பெரியப்பா பிளேடை வைத்து ஃபிலிமைச் சுரண்டிக்கொண்டே காலண்டரைப் பார்த்துச் சிரித்தார். ஐந்து மாதத்துக்குள் மரத்து நிழலும் போயிற்று, கண்ணாடி நிழலும் போயிற்று. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. அதற்கான காரணம் வேறு, நியாயமானது. ஆனாலும் அந்தச் சித்திரை அந்தச் சித்திரைதான்.

அதே வருஷம்தான் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரன்ட் இருக்காது. கூப்பிடு தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். எங்கள் வீட்டில் பனை விசிறி. ராத்திரி ஒன்பது மணிக்குக் கரன்ட் போனால் பெரியப்பா சாவியை எடுப்பார். காடாம்புலியூர் வரைக்கும் ஒரு சுற்று. நாங்கள் அடித்துப்பிடித்து ஏறுவோம். ராத்திரியில் வெயில் இல்லையே. அந்த நோஞ்சான் ஏசி அப்போது ராஜாவாக ஓடும். குழந்தைகள் ஊர் எல்லைக்குள்ளேயே தூங்கிவிடுவார்கள். எனக்கு இப்போதும் எதை நினைத்தால் தொண்டை அடைக்கிறதென்றால், இந்த ராத்திரிச் சுற்றுதான்.

பகல் பயணத்துக்கு வழி தேடிப் பெரியப்பா முதலில் போன கடையில், ‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று போட்டு அனுப்பினார்கள். கூலிங் இன்னும் குறைந்தது. மறுபடி போட்டார்கள். சுத்தமாகப் போயிற்று. பிறகுதான் வடக்குத்துப் பக்கம் பழைய வண்டி மட்டும் பார்க்கும் ஒரு பாய் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே கொண்டுபோனோம். அவர் கேஜ் மாட்டினார், முள்ளைப் பார்த்தார், பானட்டை மூடாமல் பீடி பற்றவைத்தார். ‘கேஸ் கம்மி இல்ல சார். ஜாஸ்தி.’

அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அந்தக் காலத்து ஏசி வண்டிகளில் ஓடியது ஆர்12 என்கிற கேஸ். அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லியின் குழு 1930 வாக்கில் உருவாக்கிய வகை. பெட்ரோலில் ஈயம் கலக்கச் சொன்னவரும் அதே மனிதர்தான். எங்கள் அம்பாசடர் அவருடைய இரண்டு சரக்கையும் குடித்து வளர்ந்த வண்டி. ஆர்12 போன்ற கேஸ்கள் ஓசோனை அரிக்கின்றன என்று தெரிந்து 1987ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா 1992ல் சேர்ந்தது. நம்ம மேட்டூரிலும் அந்த வகைக் கேஸ் தயாரானது. 2008 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்தினார்கள். அப்புறம் கடையில் கிடைப்பதெல்லாம் ஆர்134ஏ. பழைய ஆர்12 வண்டியில் எதையும் மாற்றாமல் அதை ஏற்றிவிடுவது வழக்கமாகிப் போயிற்று.

பாய், கேஸில் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரின் தலையில் இருக்கும் சின்ன வட்டக் கண்ணாடியைக் காட்டினார். ஆர்12 போடும்போது மெக்கானிக்குகள் அதைப் பார்த்துத்தான் போடுவார்கள். உள்ளே நுரை ஓடும். நுரை மறைந்தால் கேஸ் நிறைந்தது என்று அர்த்தம். ஆர்134ஏவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நுரை மறையும்வரை ஏற்றினால் அளவு மீறிவிடும். கண்டன்சர் திணறும், அழுத்தம் எகிறும், கூலிங் படுத்துவிடும். பழைய அளவில் எண்பது, தொண்ணூறு சதவீதம் போதும், அதையும் தராசில் வைத்துப் போட வேண்டும். புது கேஸோடு பழைய ஆயில் கலக்காது. பழைய ரப்பர் ஹோஸ் வழியே புது கேஸ் கசியும். அதனால் ஹோஸ், ஓ-ரிங், ட்ரையர், ஆயில் நான்கையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இத்தனையும் பாய் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார்.

பிறகு கண்டன்சர். பழையதைக் கழற்றி வெளியே வைத்தபோது முந்திரிக்காட்டுச் செம்மண் அதன் தகடுகளுக்கு நடுவில் அப்பளமாகப் படிந்திருந்தது. சூட்டை வெளியே தள்ளுகிற வேலை அதனுடையது. காற்றே நுழையாவிட்டால் எங்கே தள்ளும்? பாய் அதைக் கழுவிக் காட்டிவிட்டு, ‘ஆனா இது வேண்டாம்’ என்று ஓரமாக வைத்தார். அம்பாசடருக்கு மூக்கு பெரிது. தட்டைக் குழாய் வைத்த புதுவகை அலுமினியக் கண்டன்சர், பழையதைவிடப் பெரியதாகவே, உள்ளே உட்கார்ந்தது. அதற்கு முன்னால் ஏசி மாருதியிலிருந்து எடுத்த மின்விசிறி ஒன்று, ரிலே வைத்து. அம்பாசடரின் சொந்த ஃபேன் இன்ஜினோடு சுற்றுவது. வண்டி நின்றால் அதுவும் சோம்பிவிடும். பலாப்பழ சீசனில் பண்ருட்டியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோதெல்லாம் எங்களுக்கு வேர்த்துக் கொட்டியதன் காரணம் அதுதான்.

மிச்ச வேலை எங்களுடையது. ஆக்ஸிலரேட்டர் பெடல் போகும் ஓட்டை, கியர் ராடு போகும் ஓட்டை எல்லாவற்றின் வழியாகவும் இன்ஜின் சூடு ஏறிக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி அடைத்தோம். தரையில் தடிமனான சணல் ஃபெல்ட், மேலே ரப்பர் மேட். முன்கதவின் முக்கோணக் கண்ணாடிக்குப் புது பீடிங். குளிர் உள்ளே வருவதற்கு முன்னால் சூடு வரும் வாசலை அடைக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார்.

கூலிங் வந்தது. பின்சீட்டுக்கும் வந்தது. பெரியம்மா முதல்முறையாக ‘அந்த ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணுங்க’ என்று சொன்னது கடலூர் போகும் வழியில். பெரியப்பா குறைக்கவில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னார்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இவ்வளவு செலவு செய்து பாய் கொண்டுவந்த குளிர்ச்சி, அந்தப் பலா காலணா வாங்காமல் கொடுத்துக்கொண்டிருந்ததற்கு ஈடானதுதான், கூடுதல் இல்லை. பலா இருந்த காலத்தில் பழைய கண்டன்சரும் நோஞ்சான் காயிலும் போதுமாக இருந்தன. ஏசி பலவீனமானது என்று நாங்கள் திட்டியதெல்லாம் அநியாயம். நிழலில் நிற்கும் வண்டியை நம்பிச் செய்யப்பட்ட ஏசி அது. புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நட்டவை பெரும்பாலும் முந்திரி ஒட்டுக்கன்றுகள். சீக்கிரம் காய்க்கும், நல்ல மகசூல். ஆனால் குட்டையாகப் படர்கிற அந்த மரத்தடியில் ஒரு அம்பாசடரை விட முடியாது.

பெரியப்பா போன பிறகு வண்டியை ஓட்ட ஊரில் ஆள் இல்லை. நாங்கள் எல்லோரும் வெளியூர். 2014 மே மாதத்தோடு உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பும் நின்றுவிட்டது. ஸ்பேர் தேடி அலைய யாருக்கும் பொழுதில்லை. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் வாங்கிப் போனார். அவரிடமிருந்தும் கைமாறிவிட்டதாகக் கேள்வி.

டிஎன் 31ல் தொடங்கும் பழைய வெள்ளை 1800 ஒன்று, டேஷ்போர்டுக்கு அடியில் கறுப்புப் பெட்டியோடு, கியர் ஓட்டையில் சைக்கிள் டியூபோடு உங்களிடம் இருந்தால் தயவுசெய்து இதைக் கேளுங்கள். கேஸை எடை பார்த்து மட்டும் போடச் சொல்லுங்கள். வட்டக் கண்ணாடியைப் பார்த்துப் போடுகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கண்டன்சரை மாதம் ஒருமுறை கழுவுங்கள், தண்ணீரை மெதுவாக, பின்பக்கமிருந்து முன்னால் அடித்து. ட்ரையர் மாற்றி வருஷக்கணக்காகிறது, அதை மாற்றிவிடுங்கள். வண்டியை எங்கே நிறுத்தினாலும் மரத்தடியில் நிறுத்துங்கள்.