கேஸ் அடித்தது போதும்



கார் ஏசிக்கெல்லாம் ஒரு பதிவா என்று சிலர் சிரிக்கலாம். கலவானையில் ஏசி குளிருக்கு இல்லை, கண்ணாடிக்கு. சிங்கராஜக் காட்டு ஓரத்தில் இருக்கிற நமக்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஷட்டரை ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் உள்ளே ஆவி படிந்துவிடும். காற்றிலுள்ள ஈரத்தை ஏசி எடுத்துவிடுவதால்தான் முன்கண்ணாடி தெளிகிறது.

எங்களுடையது 1996 ஆம் ஆண்டு ஜப்பான் கார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு விலை ஏறிய ஏற்றத்தில், ஆசிரியர் சம்பளத்துக்கு வேறொன்றை நினைக்கவும் முடியவில்லை. போன வருடம் இரண்டு தடவை கேஸ் அடித்தோம். இரண்டு தடவையும் ஒன்றரை மாதம்தான் நின்றது.

உம்மாவை இரத்தினபுரிக்குக் கிளினிக் கூட்டிப் போய்த் திரும்பும்போது, நிவித்திகலை தாண்டியதும் மழை பிடித்தது. ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினோம். கொழுந்துச் சாக்கோடு பாதையோரம் வந்த தோட்டத்து அக்கா ஒருவரைப் பத்தடிக்குள் வந்த பிறகுதான் கண்டோம். பிரேக் பிடித்தது அல்லாஹ்வின் கிருபை. வீடு வரும்வரை உம்மா வாய் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே வேறொரு பாஸிடம் போனோம். கேஸ் அடிக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். "ஓட்டை வாளிக்குத் தண்ணி ஊத்தி என்ன சேர், முதல்ல ஓட்டையைத் தேடுவோம்."

ஏசி கேஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்ற வேண்டும். குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் ஏற்றி மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசினார். ஒன்றில் மெல்லக் குமிழ் வந்தது. ஓ-ரிங் காய்ந்து போயிருந்தது. அதை மாற்றியும் மீட்டர் முள் இறங்கியது. கடைசியில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டி வந்தது. உள்ளே கூலிங் கொயில் முழுக்கக் காய்ந்த இலையும் சேறும் அப்பி, ஈரத்தில் அரித்து, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் வெளியே வருமாம். கறை பிடித்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

(காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். அது உள்ளே காலடியில் ஊறினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.)

கொயிலையும், ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, முக்கால் மணிநேரம் வெகியூம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்த பிறகே கேஸை நிறுத்து ஏற்றினார். செலவு கையைக் கடித்தது. ஆனால் முன்பு இரண்டு தடவை வீணாக்கிய காசு அதில் பாதி இருக்கும்.

இன்னொன்றும் உறுத்தியது. ஓசோனைக் காக்க 1987 இல் மொன்ட்ரியலில் உடன்பட்ட பிறகுதான் பழைய ஆர்-12 ஒழிந்து, கார்களுக்கு 134ஏ வந்தது. அது ஓசோனைத் தொடாது, ஆனால் காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இதை வகுப்பில் படிப்பிக்கிற நாங்களே இரண்டு தடவை காற்றில் விட்டிருக்கிறோம்.

பழைய கொயிலைக் கேட்டு வாங்கி வந்தோம். கழுவிக் காயப் போட்டிருக்கிறது. திங்கட்கிழமை ஒடுங்கல் பாடத்துக்கு அதுதான் மேசையில் இருக்கும்.