நாய்க்கு விண்ணப்பம் போட்ட கதை

ரெண்டு மாசமா இங்கே எதுவும் எழுதலை. எழுத விஷயம் இல்லாம இல்லை. ஒரு விஷயம் தொண்டையிலயே நின்னுக்கிட்டு இருந்தது. அதை எழுதாம மழையையும் வெள்ளாமையையும் பத்தி எழுத மனசு வரலை. இன்னைக்கு எழுதிடறேன்.

ஐம்பத்து நாலு வயசுல, ஒரு நாயைத் தத்தெடுக்கறதுக்காக நாலு பக்கம் விண்ணப்பம் எழுதினேன். பன்னண்டாவது பரிட்சைக்கு அப்புறம் ஒரு தாளைப் பார்த்து நான் இவ்வளவு பயந்தது இதுதான்.

பட்டணத்துல இருக்கறவங்களுக்காக எங்க ஊரை முதல்ல கொஞ்சம் சொல்லணும். வெள்ளகோவிலுக்குத் தெற்கே எனக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு. கொறங்காடுன்னா மானாவாரி மேய்ச்சல் நிலம். சுத்தியும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்கே வெள்வேல மரம். படலைத் திறந்து செம்மறியை உள்ளே விட்டுச் சாத்திட்டா போதும், மேய்க்க ஆள் வேண்டியதில்லை. மழை குறைஞ்ச பூமிக்கு எங்க பாட்டன் பூட்டன் கண்டுபிடிச்ச வழி. ஆடு வெளியே போகாது. திருடன் வந்தாலும் முள்ளுக்குப் பயப்படுவான்.

நாய் பயப்படாது. கிளுவை அடியில ஒரு சாண் இடைவெளி இருந்தா நுழைஞ்சிரும். ஆள் இல்லாம மேயுறதுக்குன்னு அமைச்ச வேலி, இப்ப ஆள் இல்லாததாலேயே ஆட்டுக்கு எமனா ஆயிடுச்சு. செத்த ஆட்டை ரோட்டுல போட்டு காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிக மறியல் பண்ணினதைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்த விவசாயிகள்ல நானும் ஒருத்தன்.

போன ஐப்பசி, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கறப்ப, என் பட்டிக்குள்ள நாய்க் கூட்டம் பூந்திருச்சு. முப்பத்தெட்டு உருப்படியில ஏழு செத்துக் கிடந்தது. கடிபட்ட ரெண்டு அடுத்த வாரம் போச்சு. தீபாவளிக்கு விக்கறதுக்கு வெச்சிருந்த கிடாக்குட்டி நாலும் அதுல சேர்த்தி. நாய் திங்கறதுக்காகக் கடிக்கறதில்லைங்க. குரல்வளையையும் தொடையையும் கடிச்சுப் போட்டுட்டு அடுத்ததைத் துரத்தும். காலையில என் சம்சாரம் பட்டி நடுவுல உட்கார்ந்து ஒண்ணொண்ணா தலையைத் தூக்கிப் பார்த்துக்கிட்டு இருந்தா. அழக்கூட இல்லை.

அப்ப எங்ககிட்ட மணின்னு ஒரு நாய் இருந்தான். செவலை நிறம், நெஞ்சுல வெள்ளை. குட்டியா இருந்தப்ப ரோட்டோரத்துல இருந்து நானே தூக்கிட்டு வந்தது. ரெண்டு வருசம் பட்டியிலதான் படுப்பான். அன்னைக்குக் காலையில பட்டிக்கு வெளியே நின்னுட்டு இருந்தான். வாயெல்லாம் ரத்தம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்தார். "கூடச் சேர்ந்துட்டானப்பா. ரத்த ருசி கண்ட நாயை வெச்சிருந்தா நாளைக்கு எங்க ஆட்டையும் கடிக்கும்" அப்படின்னார். அவரும் அதுக்கு முந்தின மாசம் நாலு ஆடு பறிகொடுத்தவர். சுத்தி நின்ன எல்லாரும் அதையே சொன்னாங்க. ரெண்டாம் நாள் கோழித்தீவனம் ஏத்திட்டுப் போற வேன்ல அவனை ஏத்தி, தாராபுரம் தாண்டி உடுமலை ரோட்டுல விட்டுட்டு வரச் சொல்லிட்டேன். டிரைவருக்கு இருநூறு ரூபாய் குடுத்தேன்.

இதை இதுவரைக்கும் நான் எழுதலை. "மணி போயிட்டான்"னு ஒரு வரி மட்டும் அப்ப எழுதினேன். செத்துட்டான்னு நினைச்சு நிறைய பேர் வருத்தம் தெரிவிச்சீங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்.

தை மாசம் கோயமுத்தூர்ல வேலை பார்க்கற என் மக வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ அனுப்பினா. குட்டைக் கால், நீள உடம்பு, நரி மாதிரி மூஞ்சி, பெரிய காது. கார்கியாம். யாரோ காசு குடுத்து வாங்கி, குட்டி எடுத்து வித்து, வயசானதும் ரோட்டுல விட்டுட்டாங்க. ஒரு காப்பகத்துல வெச்சிருக்காங்க, தத்துக் குடுப்பாங்கன்னு எழுதியிருந்தா. "அப்பா, இது பரம்பரையா மாடு ஆடு ஓட்டற நாய்ப்பா. உங்களுக்குத்தான் சரியா இருக்கும்."

நானும் போன்ல தேடிப் படிச்சேன். வேல்ஸ் நாட்டுல மாடு ஓட்டறதுக்கு வளர்த்த நாய். மாட்டோட பின்னங்காலைக் கவ்வி முடுக்குமாம். குட்டையா இருக்கறதால மாடு உதைச்சா உதை தலைக்கு மேல போயிடும். 2022ல காலமான இங்கிலாந்து ராணி எலிசபெத் வாழ்நாள் பூரா இந்த நாயை வளர்த்தாங்க. மாடு ஓட்டிக்கிட்டு இருந்தது அரண்மனைக்குப் போய், அங்கிருந்து கோயமுத்தூர் ரோட்டுக்கு வந்திருக்கு பாருங்க.

ஏன் ஆசைப்பட்டேன்னு அப்ப எனக்கே தெரியலை. இப்பத் தெரியுது. யாரோ விட்டுட்டுப் போன ஒண்ணை எடுத்து வளர்த்தா, நான் விட்டதுக்குச் சரியாப் போயிடும்னு ஒரு கணக்கு.

விண்ணப்பம் வந்தது. சொந்த வீடா, வாடகையா? சுத்துச்சுவர் எத்தனை அடி? தினம் எத்தனை மணி நேரம் தனியா இருக்கும்? சங்கிலியில கட்டுவீங்களா? கால்நடை டாக்டர் எவ்வளவு தூரம்? ஊருக்குப் போனா யார் பார்த்துக்குவாங்க? வளர்க்க முடியலைன்னா வேற யாருக்கும் குடுக்காம எங்ககிட்டயே திருப்பிக் குடுக்கச் சம்மதமா? சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்போம், சம்மதமா?

எனக்கு முதல்ல சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறப்பகூட என்கிட்ட இத்தனை கேட்கலை. ஆனா எழுத எழுத ஒண்ணு புரிஞ்சது. இதே நாயை ஆயிரக்கணக்குல பணம் குடுத்து வாங்கினவங்ககிட்ட இதுல ஒரு கேள்விகூட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. பணத்தை எண்ணி வாங்கிட்டுக் கையில குடுத்திருப்பாங்க. அன்னைக்கே ஒருத்தர் இந்த நாலு பக்கத்தை நீட்டியிருந்தா, அது ரோட்டுக்கு வந்திருக்காது.

வீட்டுல எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு ஒரு இடம். சம்சாரத்துக்கிட்ட நீட்டினேன்.

"ஏனுங்க, ஒன்பது ஆட்டைக் குழியில போட்டுட்டு மறுபடியும் நாயா?" அப்படின்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நாலு நாள் அந்தத் தாள் அரிசி டப்பா மேலயே கிடந்தது. அஞ்சாம் நாள் எடுத்துப் பார்த்தா கையெழுத்து இருந்தது. நான் ஒண்ணும் கேட்கலை, அவளும் ஒண்ணும் சொல்லலை.

பதினோராவது கேள்விதான் என்னைப் பிடிச்சு நிறுத்திருச்சு. "இதற்கு முன் வளர்த்த பிராணிகள் என்ன ஆயின?"

"வயசாகி இறந்துவிட்டது"ன்னு எழுதினா யாருக்குத் தெரியும்? மகளுக்கே முழுசாத் தெரியாது. பேனாவை மூடி மூடித் திறந்தேன். கடைசியில எழுதிட்டேன். ஆடு செத்தது, மணி வாயில ரத்தம், வேன், இருநூறு ரூபாய், எல்லாம். இன்னொண்ணும் எழுதினேன். இது என் சம்சாரத்துக்கும் தெரியாது. அன்னைக்கு மணியோட இடது காது கிழிஞ்சு தொங்கிட்டு இருந்தது. கூடச் சேர்ந்து ஆட்டைக் கடிச்ச நாய்க்குக் காது ஏன் கிழியணும்? அவன் சண்டை போட்டிருக்கணும். வேன்ல ஏத்தறப்பவே நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கலை. பத்துப் பேர் முன்னாடி "இவன் காவல் காத்தவன்"னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எதையாவது தண்டிச்சாகணும்னு அன்னைக்கு எனக்கும் வேகம் இருந்தது.

மாசியில காப்பகத்துல இருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டது. என் மக வயசுதான் இருக்கும். சுவரு, டாக்டரு எல்லாம் கேட்டுட்டு, பதினொண்ணுக்கு வந்தது. நான் திட்டு வாங்கத் தயாரா இருந்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஐயா, திரும்பப் போய்ப் பார்த்தீங்களா?" அப்படின்னு கேட்டது.

அவ்வளவுதான். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். "இல்லை கண்ணு"ன்னு சொன்னேன். நாலு மாசத்துல அந்த ரோட்டுல எத்தனை தடவை பஸ்ல போயிருப்பேன். ஒரு தடவைகூட இறங்கிப் பார்க்கணும்னு தோணலை.

மறுநாளே போனேன். வேன் டிரைவர் சொன்ன இடத்துல ஒரு நிறுத்தம், ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாகிட்ட மணி போட்டோவைக் காட்டினேன்.

"ஐப்பசியிலயா? ஒரு செவலை நாய் வந்துச்சுங்க. கழுத்துல கயிறு இருந்துச்சு. வேன் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கும், போனதும் படுத்துக்கும். பன்னு போட்டாத் திங்கும். ஒரு பத்து நாள் இருந்திருக்கும். அப்புறம் காணோம்."

நான் கட்டினது நீலக் கயிறு. நீலமான்னு கேட்டேன். நிறம் ஞாபகம் இல்லைன்னுட்டாங்க. காது கிழிஞ்சிருந்ததான்னு கேட்க வாய் வரலை. அது மணியாவும் இருக்கலாம், வேற நாயாவும் இருக்கலாம். சுத்துவட்டாரத்துல பொழுது சாயற வரைக்கும் தேடிட்டு வந்தேன்.

பங்குனியில காப்பகத்துப் பொண்ணும் கூட ஒரு தம்பியும் பைக்ல வந்து பார்த்தாங்க. நல்ல உச்சி வெயில். என் சம்சாரம் மோர் குடுத்தா. திண்ணையில புதுசா ஒரு அலுமினியத் தட்டு கவுத்து வெச்சிருந்தது. சந்தையில வாங்கியிருக்கா, எனக்குத் தெரியாது.

அந்தப் பொண்ணு கொறங்காட்டைச் சுத்தி வந்துச்சு. வேலி அடியைக் குனிஞ்சு பார்த்துச்சு. ஒரு ஆட்டோட காதைத் திருப்பி உண்ணி இருக்கான்னு பார்த்துச்சு. இருந்தது. அப்புறம் வெள்வேல நிழல்ல நின்னு, "ஐயா, நீங்களே சொல்லுங்க. அது இங்கே நல்லா இருக்குமா?" அப்படின்னு கேட்டுச்சு.

ஆடு வளர்த்தவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம இல்லை. அந்த நாய்க்கு ரெண்டு அடுக்கு ரோமம், குளிர் நாட்டுக்குன்னு வந்த உடம்பு. நீள முதுகு, எலும்புத் தட்டு விலகுற தொந்தரவு அந்த ஜாதிக்கு உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்தா வயசான நாய் தாங்காது. முக்கியமா, அது ஓட்டற நாய், காக்கற நாய் இல்லை. நம்ம ஊருப் பட்டி நாய் ஆட்டை ஓட்டாது. கூடவே படுத்துக் கிடக்கும், அந்நியம் வந்தா குலைக்கும், எதிர்த்து நிக்கும். எனக்கு வேண்டியது அது. பத்துப் பன்னண்டு கிலோ இருக்கற நாய் ராத்திரி அஞ்சாறு நாய்க்கு முன்னால என்ன பண்ணும்? என் ஆடுகளும் அந்த ராத்திரிக்கு அப்புறம் நாய் நிழலைப் பார்த்தாலே சிதறி ஓடுது. ஒரு நாய் வந்து காலைக் கவ்வினா, சினை ஆடு மிரண்டு ஓடிக் கருவைக் கலைச்சிரும்.

"வேண்டாம் கண்ணு. பாவத்தைக் கழிக்கறதுக்காக இன்னொரு வாயில்லா ஜீவனை இங்கே கொண்டாந்து வாட்ட வேண்டாம்"னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு சரின்னு தலையாட்டுச்சு.

அவங்க கிளம்பினதும் சம்சாரம் கேட்டா, "ஏனுங்க, தர மாட்டாங்களாமா?" குரல்ல வருத்தம் இருந்தது. நான்தான் வேண்டாம்னேன்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி மணி காதைப் பத்தியும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, "எனக்கும் தெரியும். நானும் பார்த்தேன்"னு சொன்னா. அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசலை.

அந்தக் கார்கி குன்னூர் பக்கம் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டுக்குப் போயிடுச்சுன்னு போன வாரம் மக சொன்னா. குளிர்ல நல்லா இருக்கும். சந்தோஷம். என் விண்ணப்பத்தைக் கிழிக்க வேண்டாம், நாட்டு நாய் ஏதாவது சரியா அமைஞ்சா கூப்பிடறோம்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ராத்திரி ஆட்டை வீட்டோரமா கம்பி வலைக்குள்ள அடைச்சுடறேன். ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் டார்ச் எடுத்துட்டு எந்திரிக்கறேன்.

நாய் வாங்கணும்னு நினைக்கற பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். விலை விசாரிக்கறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு காப்பகத்து விண்ணப்பத்தை வாங்கி, வீட்டுல எல்லாருமா உட்கார்ந்து எழுதிப் பாருங்க. அனுப்பக்கூட வேண்டாம், எழுதிப் பார்த்தாப் போதும்.

தட்டு திண்ணையிலதான் இருக்கு. தாராபுரத்துல வேலை இருந்தா, இப்பல்லாம் உடுமலை ரோட்டுல கொஞ்ச தூரம் தள்ளிப் போய் அந்தக் கடையில ஒரு டீ குடிச்சிட்டுத்தான் வர்றேன். கடைக்கார அம்மா என்னைக் கண்டதும் "இன்னும் வரலைங்க"ன்னு சொல்லிட்டுத்தான் டம்ளரைக் கழுவறாங்க.