மயிரிழைச் சந்து

பல்லுக்கு உறை போட்டுவிட்டால் அப்பல் பிழைத்தது என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். வெளியே தெரிவது பளபளப்பு. பல்லைக் காப்பதோ பொருத்தம். எம் வாப்பா அவர்களின் கடைவாய்ப் பல்லுக்கு இட்ட உலோக உறை, நான்கே ஆண்டுகளில் சொத்தை விழுந்த பல்லோடு கழன்று வந்தது. உறை தேயவுமில்லை, உடையவுமில்லை. விளிம்பில் மட்டும் ஒரு சந்து இருந்தது. எஞ்சிய நாளெல்லாம் அவர்கள் ஒரு பக்கமாகவே மென்றுண்டார்கள். அச்சந்து எங்கிருந்து வந்தது என்று அறிய ஆவல் கொண்டோம்.

சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருவம் சமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பதை நாம் அறிவோம். பல் உறையும் இவ்வழியே பிறக்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் 1907-ஆம் ஆண்டு நியூயார்க்கில் இம்முறையை விளக்கியபின் அது எங்கும் பரவிற்று. ஆனால், சிலை சிறிது சுருங்கினால் எவரும் அறியார். உறை சுருங்கினால் பல்லில் முழுதாக இறங்காது.

தங்கக் கலவை இறுகிக் குளிர்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.5 பங்கு சுருங்குகிறது. நிக்கல், கோபால்ட் கலவைகள் இன்னும் மிகுதியாகச் சுருங்குகின்றன. சுருக்கத்தைத் தடுக்க இயலாது. ஆகவே, அச்சையே முன்கூட்டி விரியச் செய்கின்றனர். மெழுகைச் சுற்றி ஊற்றும் அச்சுக்கலவையில் சிலிக்கா உண்டு. அக்கலவை கெட்டிப்படும்போது சற்றே விரிகிறது. உலையில் சூடேறும்போது மேலும் விரிகிறது. விரிவும் சுருக்கமும் சமனானால் உறை பொருந்தும். தூளையும் நீரையும் கண்ணளவில் கலந்து, நீர் மிகுந்துவிட்டால் விரிவு குறையும். உறை சிறுத்து, விளிம்பு மேலேயே நின்றுவிடும். அச்சந்தை நிரப்பும் ஒட்டுப்பசையை உமிழ்நீர் மெல்லக் கரைக்க, அங்கே சொத்தை குடியேறும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறைகளைப் பார்வையிட்டு 1971-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 120 மைக்ரான் வரையிலான இடைவெளியே ஏற்கத்தக்கது என்றது. அது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு!

இன்று கணினி கடைந்தெடுக்கும் உறைகளும் வந்துவிட்டன. எனினும், விளிம்பைச் சோதிக்கும் கடமை நீங்கவில்லை. விலையையும் நிறத்தையும் விசாரிக்கும் நாம், ஒட்டுவதற்கு முன் விளிம்பு சுற்றிலும் படிந்திருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேட்போமாக. எவரும் காணாத பட்டறை மூலையில் ஒருவர் நீரை அளந்து ஊற்றிய நேர்மையின் மீதுதான் நம் வீட்டு முதியோரின் ஒரு கவளச் சோறு நிற்கிறது.