கிணற்றடிப் பாசி

முல்லைத்தீவு தண்ணீரூற்றில், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழம். 2000 லீற்றர் கொள்ளும். வாப்பா கட்டியது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு ஒரு வாளித் தண்ணீருக்காக வரிசையில் நின்ற நாட்களில், உம்மா இந்தத் தொட்டியைப் பற்றித்தான் பேசுவார். 2009 இல் யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை. தொட்டி மட்டும் பாசி படர்ந்து நின்றது.

வீட்டைத் திருத்தினோம். பாசிதான் போகவில்லை. நண்பகலில் ஒரு கை பிளீச்சிங் பவுடரை அள்ளி வீசுவேன். தண்ணீர் தெளியும், பத்து நாளில் மீண்டும் பச்சையாகும்.

மனைவி முறையிட்டபோது அரபுக் கல்லூரியில் ஓதியதை எடுத்துச் சொன்னேன். "தண்ணீரில் தானாக வளரும் பாசியால் நிறம் மாறினாலும் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த நீரில் வுழூ கூடும்."

"வுழூ கூடும். உம்மாவுக்குக் கால் நிற்குமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

ஒரு நாள் சுபஹுக்கு முன் உம்மா தொட்டியடியில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டின் மேல் மஸ்ஹு செய்து தொழுதார். என்னை ஒரு வார்த்தை கடியவில்லை. அதுதான் என்னை வருத்தியது. மார்க்கச் சட்டத்தை என் சோம்பலுக்குத் திரையாக்கிக்கொண்டேனே!

பிறகுதான் ஒழுங்காக விசாரித்துச் செய்தேன். சகோதரிகளே, உங்களுக்கும் பயன்படும்.

பாசிக்கு வெயிலும் உணவும் வேண்டும். உதிரும் இலை, சவர்க்கார நுரை எல்லாம் அதற்கு உணவு. வெயிலோ குளோரினையும் விரைவில் அழித்துவிடும். ஆகவே நண்பகலில் போட்டது வீண். மேற்படை கீழ்ப்படையைக் காப்பதால், தேய்க்காமல் மருந்து போட்டாலும் பயனில்லை. வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்போருக்கும் இதே கதைதான்.

முதலில் தொட்டியை வடித்து, தும்புத் தூரிகையால் சுவரையும் சுற்றுத் தரையையும் தேய்த்தேன். பாசி வேரூன்றிய வெடிப்புகளைச் சீமெந்து பூசி அடைத்து, காயவிட்டு, நீர் நிரப்பினேன். மாலையில் 1000 லீற்றருக்கு 30 கிராம் கணக்கில் 60 கிராம் பிளீச்சிங் பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி மூடினேன். காலையில் வடித்துக் கழுவிவிட்டுப் புது நீர் விட்டேன். அந்தத் தூளை அசிட், வினாகிரி எதனோடும் கலக்கக் கூடாது. நச்சுப் புகை எழும். வாய் கொப்பளிக்கும் தண்ணீரில் மயில்துத்தமும் வேண்டாம்.

கடைசியாகத் தகரத்தில் ஒரு மூடி செய்து போட்டேன். வெயிலும் இலையும் விழாததால் பாசி அடங்கியது. டெங்கு நுளம்பும் முட்டையிட வழியில்லை. வாரம் ஒருமுறை தரையைத் தேய்ப்பது இப்போது என் வேலை.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் படிப்பிக்கிறேன். அந்தப் பாதை என் உம்மா நடக்கும் கிணற்றடியிலிருந்தே தொடங்குகிறது என்பதைப் படிக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. அல்லாஹ் மன்னிப்பானாக.